மீன் தொட்டிச் செடியை நாய் தின்றால்

மீன் தொட்டியில் வளரும் செடியை வீட்டு நாய் கடித்துத் தின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்தா? தொட்டித் தண்ணீருக்குள் வழக்கமாக வளர்க்கும் செடிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இல்லை. சில செடிகள் வாயை எரிக்கும். அரிப்பு, வீக்கம், வாந்தி வரும். ஓரிரு செடிகள் உண்மையிலேயே நஞ்சு. ஆனால் நாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை பெரும்பாலும் தொட்டிக்கு வெளியில்தான் இருக்கின்றன. பக்கத்து அலமாரியில் இருக்கும் மருந்துப் புட்டி, செடிக்கட்டின் அடியில் சுற்றிய ஈயத் துண்டு, தொட்டிக்கு உரம் போடுவதற்காகக் கலக்கி வைத்த கரைசல் என்று அவற்றைப் பார்க்காமல், செடியை மட்டும் சந்தேகித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் வீட்டுத் தொட்டியில் பிளாஸ்டிக் செடியும் வண்ணக் கற்களும்தான் இருக்கும். இன்று சென்னை கொளத்தூர் கடைத்தெருவில் வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் என்று செடிகளின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அடுக்குமாடி வீட்டின் ஒரே கூடத்தில் தொட்டியும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. நாய்க்குட்டிக்கு நாலாவது மாதத்தையொட்டிப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு தினவெடுப்பதால் செருப்பு, நாற்காலிக் கால், வயர் என்று கண்டதையெல்லாம் அப்போது கடிக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் வெட்டிப் போட்ட இலைகள் தரையிலோ வாளியிலோ கிடந்தால் அதற்கு அது விருந்துதான். தொட்டிக்குள் தலையை விட்டுச் செடி தின்னும் நாய் அரிது. தொட்டியிலிருந்து வெளியே வந்த செடியைத்தான் நாய்கள் தின்கின்றன.

கடைகளில் அதிகம் விற்கும் அனுபியாஸிலிருந்து தொடங்கலாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைக்கரைகளைச் சேர்ந்த செடி இது. தடித்த கரும்பச்சை இலை, தரையோடு படரும் கிடைத்தண்டு. மண்ணில் நடாமல் மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டிவிட்டாலே வளரும். குறைந்த வெளிச்சம் போதும் என்பதால் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களிடம் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். கண்ட செடியையும் மேய்ந்துவிடும் கோல்டுஃபிஷ் கூட இதைத் தொடாமல் விட்டுவிடுவதை மீன் வளர்ப்பவர்கள் அறிவார்கள். இலை தோல்போலக் கெட்டியாக இருப்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் குடும்பத்தில் இருக்கிறது.

அனுபியாஸ் சேம்புக் குடும்பத்துச் செடி. தாவரவியலில் அரேசியே என்பார்கள். நம் சமையலறைக்கு வரும் சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு, பிடிகருணை எல்லாம் இதே குடும்பம்தான். வேகாத கருணையை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று தமிழ் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரித்து, உதடு தடித்துப்போகும். அதனால்தான் அரிசி கழுவிய நீரில் வேகவைப்பதும், புளி சேர்ப்பதும், புதுக்கிழங்கைவிடப் பழைய கிழங்கைத் தேடி வாங்குவதும் வழக்கமாயின. அந்த அரிப்புக்குக் காரணமான பொருள்தான் அனுபியாஸ் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. நாய் அதைப் பச்சையாகக் கடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பொருளின் பெயர் கால்சியம் ஆக்ஸலேட். சேம்புக் குடும்பத்துச் செடிகளின் சில தனி உயிரணுக்களுக்குள் இது நுண்ணிய ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். ராஃபைடு என்று இந்த ஊசிப் படிகங்களை அழைக்கிறார்கள். இலையைக் கடித்ததும் அந்த உயிரணு உடைந்து, ஊசிகள் வெளியே பாய்ந்து, நாக்கிலும் ஈறிலும் மேலண்ணத்திலும் குத்தி நிற்கும். சில இனங்களில் செடியின் சாற்றில் உள்ள புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் அந்தத் துளைகள் வழியே இறங்கி எரிச்சலைக் கூட்டுகின்றன. ஓடிப்போய் ஒளிய முடியாத செடி, தன்னை மேயும் விலங்கை முதல் கடியிலேயே விரட்டுவதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாய்க்கும் முதல் கடியே போதுமானதாக இருந்துவிடுகிறது. அது நம் நல்ல காலம். வலிப்பதால் மேற்கொண்டு தின்னாமல் பெரும்பாலான நாய்கள் துப்பிவிடும்.

இதன் அறிகுறிகள் உடனே தெரியும். நாய் எச்சிலை ஒழுகவிடும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், தலையை உதறும், முகத்தைத் தரையில் உரசும். நாக்கும் உதடும் சிவந்து தடிக்கும். தண்ணீர் குடிக்கப் போய், வலி தாங்காமல் விலகும். கொஞ்சம் விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகத் தணிந்துவிடும். அரிதாகத் தொண்டை வீங்கி மூச்சு விடச் சிரமப்படும் நிலையும் வரலாம். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களிடம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இயல்பாகவே குறுகலான அவற்றின் மூச்சுப்பாதையில் சிறு வீக்கமும் பெரிதாகத் தெரியும்.

ஆக்ஸலேட் என்றதும் சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வகை ஆக்ஸலேட் உண்டு. நீரில் கரையும் வகை உடலுக்குள் போய் இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மேலைநாடுகளில் சமைக்கும் ருபார்ப் செடியின் இலை அதற்குப் பேர்போனது. சேம்புக் குடும்பத்து ஊசிகள் கரையாத வகை. அவை குத்திய இடத்தில் புண்ணாக்கும். அதைத் தாண்டி உள்ளே போய்ச் செய்யும் கெடுதல் மிகக் குறைவு. அனுபியாஸ் இலை ஒன்றைக் கடித்த நாயின் சிறுநீரகத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொட்டிச் செடிகளில் சேம்புக் குடும்பம் பெரியது. கிரிப்டோகோரைன் அதில் முக்கியமானது. கடைகளில் ‘கிரிப்ட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதிகம் விற்கும் கிரிப்டோகோரைன் வெண்டி இலங்கைக்கே உரிய இனம்; நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இதன் உறவுகள் சில வளர்கின்றன. போர்னியோவிலிருந்து வரும் விலை உயர்ந்த புசெஃபலாண்ட்ராவும் இதே குடும்பம். தண்ணீர்மேல் இலை அடுக்காக மிதக்கும் பிஸ்டியா என்ற ஆகாயத்தாமரையும் அப்படியே. ஊதாப் பூப் பூத்து ஏரிகளை மூடும் வெங்காயத்தாமரை வேறு. அதைச் சில ஊர்களில் ஆகாயத்தாமரை என்றே சொல்வதால் மருத்துவரிடம் செடியின் பெயரை மட்டும் சொல்லாமல் செடியையே காட்டுவது நல்லது. குடும்பத்தை வைத்து மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடவும் முடியாது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு குளத்தில் மிதக்கும் சின்னஞ்சிறு லெம்னா வகைகளையும் சேம்புக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வுல்ஃபியாவைத் தாய்லாந்தில் உணவாகவே சாப்பிடுகிறார்கள்.

கவலைப்படத் தேவையில்லாத செடிகளின் வரிசை நீளமானது. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்தோமே, அந்த ஹைட்ரில்லா. ரிப்பன்போல நீளும் வாலிஸ்னேரியா. கபோம்பா, ஹார்ன்வொர்ட், ஜாவா பாசி, ஜாவா ஃபெர்ன், ரோட்டாலா. இவற்றை ஒரு வாய் தின்ற நாய்க்கு அதிகபட்சம் ஒருமுறை வாந்தி வரலாம், அதுவும் பழக்கமில்லாத இலை வயிற்றில் போனதால் வருவது. அமேசான் ஸ்வோர்டு என்ற பெரிய இலைச் செடியின் உறவினங்களைப் பிரேசிலில் மூலிகைத் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பகோபா என்று கண்ணாடிக் கிண்ணத்தில் விற்பதில் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்ப்பிரமி. தொட்டியின் முன்வரிசைக்கு நடும் மார்சீலியா, ஆரைக்கீரையின் இனம்.

உண்மையிலேயே நஞ்சு என்று சொல்லத்தக்க தொட்டிச் செடிகள் எனக்குத் தெரிந்து இரண்டு வகை. ஒன்று லொபீலியா கார்டினாலிஸ். வட அமெரிக்கச் செடி. டச்சு பாணியில் செடிகளைப் படிவரிசையாக நட்டு அழகு பார்க்கிறவர்கள் விரும்பி வாங்குவது. இதில் உள்ள ஆல்கலாய்டுகள் நரம்பைத் தொடுபவை. வாந்தி, பேதி, எச்சில் ஒழுகல் வரும். அதிகம் உண்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். இன்னொன்று கிரைனம். சுருள்சுருளாக நீளும் இலைக்காக வளர்க்கும் ஆப்பிரிக்க இனமும், தாய்லாந்து இனமும் தொட்டிகளுக்கு வருகின்றன. நம் ஊர்த் தோட்டங்களில் வெள்ளைப் பூப் பூக்கும் விஷமூங்கிலின் நேரடி உறவு இது. இதன் வெங்காயம் போன்ற கிழங்கில் லைகோரின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. கடுமையான வாந்தியைக் கொண்டுவரும். இலையைவிடக் கிழங்கே மோசம். தொட்டியைக் கலைக்கும்போது பிடுங்கிப் போட்ட கிழங்கு நாய்க்கு எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது.

இனி, வேர் தண்ணீரிலும் இலை வெளியிலும் இருக்கும் செடிகளுக்கு வருகிறேன். தொட்டியின் விளிம்பில் மணிபிளாண்டைச் சொருகி, வேரைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவது இப்போது பரவலான வழக்கம். மீன் கழிவில் உள்ள நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்வதால் தொட்டிக்கு நல்லதுதான். ஆனால் மணிபிளாண்டும் சேம்புக் குடும்பம். கொடி கீழே இறங்கி நாயின் முகத்துக்கு நேராக ஆடும். அதைப்போலவே சொருகி வைக்கும் சிங்கோனியம், பீஸ் லில்லி, டீஃபன்பேக்கியா எல்லாமே அதே ஊசிகளைக் கொண்டவை. இவற்றுள் டீஃபன்பேக்கியா தரும் வீக்கம் மற்றவற்றைவிடக் கடுமையானது. நாயும் சின்னக் குழந்தையும் உள்ள வீட்டில் அதை வைக்காமலிருப்பதே என் கருத்து. அதிர்ஷ்ட மூங்கில் என்று கட்டுக்கட்டாக விற்பது மூங்கிலே அல்ல, டிரசீனா. அதில் ஊசிப் படிகம் பிரச்சினை இல்லை, சபோனின் என்ற நுரைப்பொருள்தான் பிரச்சினை. அதைத் தின்ற நாய்க்கு வாந்தியும் சோர்வும் வரும், சாப்பாட்டை ஒதுக்கும். சில கடைகளில் டிரசீனாவையும் கலேடியத்தையும் முழுக்க மூழ்கவைத்துத் ‘தொட்டிச் செடி’ என்றே விற்கிறார்கள். அவை தரைச்செடிகள், சில வாரங்களில் அழுகிவிடும். தண்ணீரிலிருந்து வெளியே தூக்கியதும் துவண்டு கையில் ஒட்டிக்கொள்ளும் செடி பெரும்பாலும் முழுநீர்ச் செடி. விறைப்பாக நிமிர்ந்து நின்றால் அது கரையிலோ தரையிலோ வளரக்கூடியது என்று எடுத்துக்கொண்டு, பெயரை விசாரியுங்கள்.

இந்த ஆபத்துகளின் அளவு புரிய வேண்டுமென்றால் வீட்டு வாசலைப் பாருங்கள். அரளி இதயத்தை நிறுத்தும். ஆமணக்கு விதையை மென்று விழுங்கினால் உயிர் போகலாம். அடுக்குமாடிகளின் முகப்பில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியின் விதை கல்லீரலை அழித்து நாய்களைக் கொன்றிருக்கிறது. அனுபியாஸையும் இவற்றையும் ‘நாய்க்கு ஆகாத செடி’ என்ற ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதுவதால் படிப்பவர் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார், அல்லது எதற்கும் பயப்படுவதில்லை.

செடியைவிட என்னைக் கவலைப்படுத்துவது செடிக்காக நாம் வாங்கும் பொருள்கள். பாசியையும் நத்தையையும் ஒழிக்கப் பலர் பயன்படுத்துவது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட். நாய் அதன் கட்டியையோ செறிந்த கரைசலையோ நக்கினால் இரைப்பை புண்ணாகும், நீலப்பச்சையாக வாந்தி எடுக்கும். அளவு கூடினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கல்லீரல் கெடும். தமிழ்நாட்டு வீடுகளில் விரும்பி வளர்க்கும் லாப்ரடார் இனத்தில் சில நாய்களுக்குக் கல்லீரலில் செம்பு தேங்கும் பரம்பரைக் குறை உண்டு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ‘லிக்விட் கார்பன்’ என்று விற்கும் திரவங்கள் பலவற்றின் அடிப்படை குளுடரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அதே வேதிப்பொருள். தொட்டியில் சில மில்லி கலந்தபின் அது நீர்த்துப்போகும். புட்டியில் இருக்கும்போது வாயையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும்.

செடிக்குக் கரியமில வாயு கொடுப்பதற்காக வீட்டிலேயே சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் போட்டுப் பாட்டிலில் அடைத்துத் தொட்டியோடு குழாயால் இணைப்பார்கள். பாட்டிலுக்குள் வாயுவோடு சாராயமும் உண்டாகிறது. இனிப்பும் புளிப்புமாக மணக்கும் அந்தத் தண்ணீரை மாற்றும்போது தரையில் வைத்துவிட்டால் நாய் குடித்துவிடும். சிறிய நாய்க்கு அது தள்ளாட்டம், உடல் குளிர்ந்துபோதல், இரத்தச் சர்க்கரை இறங்குதல் என்று தீவிரமாகப் போகக்கூடியது. மீனின் பூஞ்சைக்கு ஊற்றும் மெத்திலீன் ப்ளூவும் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தும். மீன் பேனை ஒழிக்க விற்கும் மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி இருப்பதுண்டு. இதைத் தின்ற நாய்க்கும் எச்சில் ஒழுகும் என்பதால் செடிதான் காரணம் என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இங்கே எச்சிலோடு கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை நடுங்கும், சிறுநீரும் மலமும் தானாகப் போகும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

செடிக்கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள். மிதக்காமல் நிற்பதற்காக அடியில் மெல்லிய உலோகப் பட்டையைச் சுற்றியிருப்பார்கள்; பல நேரம் அது ஈயம். வளைத்தால் எளிதாக வளையும், கையில் கறுப்பாக ஒட்டும். விழுங்கிய ஈயம் வயிற்று அமிலத்தில் மெல்லக் கரைந்து வாந்தி, வயிற்றுவலி, நாளாவட்டத்தில் வலிப்பு வரை கொண்டுபோகும். செடியை நடும் முன் பட்டையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் மூடி வையுங்கள். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையில் கட்டும் நைலான் நூல் இன்னொரு ஆபத்து. நீளமான நூல் ஒருமுனை சிக்கி, மறுமுனை குடலுக்குள் போனால் குடல் கொசுவிக்கொண்டு கிழியும். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. நாயின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுத்துவிடாதீர்கள். வேருக்கு அருகில் புதைக்கும் உர மாத்திரைகளும் நாய் தோண்டியெடுக்கக்கூடிய இடத்தில் கிடக்கக் கூடாது.

நீர்ச்செடி நாய்களைக் கொன்றதாக எழுதப்பட்ட செய்திகளில் நன்றாக ஆராயப்பட்டது ஒன்று உண்டு. 2017 மே மாதம் பெர்லின் நகரின் டேகல் ஏரிக்கரையில் நடக்கப்போன நாய்கள் திடீரென்று நோயுற்றன, பல இறந்தன. யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு முதலில் எழுந்தது. கரை ஒதுங்கிக் கிடந்த நீர்ப்பாசிக் கொத்துகளை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஃபான்டினாலிஸ் என்ற அந்தப் பாசிச்செடி நஞ்சல்ல. அதன்மேல் படர்ந்திருந்த டைகோனீமா என்ற நீலப்பச்சை நுண்ணுயிரி அனடாக்ஸின் என்னும் நரம்பு நஞ்சை உண்டாக்கியிருந்தது. தசைகளை ஓயாமல் தூண்டி, மூச்சுவிடும் தசையை முடக்கும் நஞ்சு அது. சில நிமிடங்களிலேயே வேலை செய்யத் தொடங்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. நியூசிலாந்தின் ஆற்றங்கரைகளிலும் இதுபோன்ற பாய்போன்ற படலங்களைத் தின்று நாய்கள் இறந்திருக்கின்றன. அந்தப் படலத்தின் வாடை நாய்களை இழுக்கிறது.

ஹைட்ரில்லாவின் கதையும் இதற்கு நெருக்கமானது. 1950களின் தொடக்கத்தில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட செடி அது. அங்கே வாய்க்காலில் கொட்டப்பட்டு, அமெரிக்காவின் தென்கிழக்கு நீர்நிலைகளையெல்லாம் நிரப்பியது. 1994 முதல் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஏரி ஒன்றில் வெண்தலைக் கழுகுகள் பறக்க முடியாமல் விழுந்து செத்தன. ஹைட்ரில்லா இலையின் அடிப்புறத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் நஞ்சு, செடியைத் தின்ற நீர்ப்பறவைகள் வழியாகக் கழுகுகளுக்குப் போனது என்பதை ஆராய்ச்சியாளர்கள் முழுமையாக நிறுவியது 2021இல்தான். இறந்தவை பறவைகள், நாய்கள் அல்ல. நம் வீட்டுத் தொட்டி ஹைட்ரில்லாவைக் கண்டு இதற்காக அஞ்ச வேண்டியதும் இல்லை. ஆனால் ஏரியிலும் கால்வாயிலும் அள்ளிய செடியை அப்படியே கொண்டுவந்து தொட்டியில் போடுகிறவர்கள் செடியோடு வேறு என்ன வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஹைட்ரில்லா தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சாக்கடை கலந்த நீரில் வளர்ந்ததை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தொட்டியின் மணலிலும் செடியிலும் நீலப்பச்சையாக வழவழவென்று ஏடு படிந்து மண்வாடை அடித்தால், அதை அள்ளி வாளியில் வைத்துவிட்டு நகராமல், நேரே கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் சிலரே; அவர்களுக்கு ஒரு வார்த்தை. பூப்போல விரியும் ஸோவந்திட் பவளங்கள் செடி அல்ல, விலங்கு. அவற்றுள் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்ஸின் இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. வெட்டியெடுத்த பவளத் துண்டை நாய் நக்கினால்கூட அது அவசர நிலை.

நாய் செடியைக் கடித்துவிட்டது தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும்? வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரால் வாயைப் பக்கவாட்டில் கழுவுங்கள்; தொண்டைக்குள் பீய்ச்ச வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சேம்புக் குடும்பத்துச் செடி என்றால் ஒன்றிரண்டு கரண்டி தயிரோ பாலோ நக்கக் கொடுக்கலாம், எரிச்சல் தணியும். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். ஊசிகள் உணவுக்குழாயை இரண்டாவது முறையும் குத்தும். அரிக்கும் திரவத்தைக் குடித்திருந்தால் அது இன்னும் கெடுதல். உப்பைக் கரைத்து வாயில் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதிக்கப்பட்டு, செடி கொல்லாத நாயை உப்பு கொன்றுவிடும். வலிக்கிறதே என்று நம் பாரசிட்டமாலையோ இப்யூபுரூஃபனையோ உடைத்துக் கொடுப்பதும் கூடாது. இரண்டுமே நாய்க்கு ஆபத்தானவை.

மூச்சு விடும்போது சத்தம், நாக்கு வெளியே தள்ளி உள்ளே போகாத வீக்கம், தொடர்ந்த வாந்தி, இரத்தம், நடுக்கம், தள்ளாட்டம், ஈறு வெளுத்தல் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சின்னக் குட்டி என்றாலோ, விழுங்கியது மருந்தா செடியா என்று தெரியாவிட்டாலோ, அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. போகும்போது செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தொட்டியையும் பக்கத்தில் உள்ள புட்டிகளின் முகப்புச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு, நாயின் எடை என்ன என்ற மூன்றையும் சொன்னால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

நாய் இருக்கும் வீட்டில் தொட்டியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே கூடத்தில் நிம்மதியாக இருக்க முடியும். தொட்டிக்கு மூடி போடுங்கள். தண்ணீர் மாற்றும் நேரத்தில் நாயை வேறு அறையில் விடுங்கள். வெட்டிய செடிகள், பழைய தண்ணீர் இரண்டையும் அப்புறப்படுத்திய பிறகே கதவைத் திறவுங்கள். மணிபிளாண்ட் கொடியை மேல்நோக்கிக் கட்டிவிடுங்கள். தொட்டியின் கீழ் அலமாரியில் இருக்கும் மயில்துத்தம், லிக்விட் கார்பன், மீன் மருந்து அனைத்தையும் இன்றே எடுத்து நாய்க்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். அடுத்த முறை செடி வாங்கும்போது கடைக்காரரிடம் அதன் தாவரவியல் பெயரைக் கேட்டு, பையின் மேலேயே எழுதி வாங்குங்கள். செடி விற்கும் கடைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள்: கேட்பதற்கு முன்பே அந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள், கட்டில் சுற்றியிருப்பது ஈயம் என்றால் அதையும் சொல்லி விற்றுவிடுங்கள்.